கொத்தனாரின் பொதுவாழ்வு

கொத்தனார் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தவறுதான் செய்தார். அதை இரண்டு முறை செய்தார் என்பதுதான் வருத்தம்.

முப்பது வருஷம் சுவர் எடுத்த மனிதர். அவர் எடுத்த சுவரைக் கோணல் என்று சொல்ல இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஏழே மாதத்தில் வட்டார மன்றத்தின் முக்கியப் பிரமுகர்களில் ஒருவராகி, கழுத்தில் நீல ரிப்பன் அட்டையோடு மேடையில் மூன்றாவது நாற்காலியில் உட்காரும் அளவுக்கு உயர்ந்துவிட்டார். இதில் அவருடைய முயற்சி என்று எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவர் கையைக் காலை உதறித் தடுத்துத்தான் பார்த்தார்.

விஷயம் ஒரு சிறுபாலத்தில் ஆரம்பித்தது. ஊருக்கும் அதன் கடைசித் தெருவுக்கும் நடுவே பன்னிரண்டு அடி அகலத்தில் ஓர் ஓடை ஓடுகிறது. கடைசித் தெருவின் பதினான்கு வீடுகளும் அந்தப் பாலத்தை நம்பித்தான் உலகத்தோடு உறவு வைத்திருந்தன. ஒரு நாள் வட்டார மன்றத்தின் ஜல்லி லாரி, வேறெங்கோ ஒரு சாலையைச் சீர்திருத்தப் போகிற அவசரத்தில் வழி தவறிக் கடைசித் தெருவுக்குள் நுழைந்தது. திரும்பிப் போகும்போது பாலத்தை இரண்டாகப் பிளந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

கொத்தனாரின் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு முன்னமே அவருடைய சிறுநீரகங்கள் ஓய்வுபெற்றுவிட்டன. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வேன் வாசலுக்கே வந்து அவரை டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு போகும். பாலம் உடைந்த பிறகு வேன் ஊர்ப்பக்கக் கரையிலேயே நின்று ஹாரன் அடித்தது. கொத்தனாரும் அவர் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருமாக அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினார்கள். வெயில் காலத்தில் சரி. மழை பிடித்துவிட்டால் அந்த ஓடையில் ஆள் இறங்க முடியாது. இரண்டு தடவை சேர்ந்தாற்போல் போகாமல் விட்டால் கிழவர் தாங்க மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

மழைக்கு ஏழு மாதம் இருந்தது. ஏழு மாதத்தில் கொத்தனார் ஒரு வீட்டைக் கட்டி முடித்து ஆளையும் குடிவைத்துவிடுவார்.

அவர் மனைவி அவரிடம் சித்தாளாக வேலைக்கு வந்து, கலவையில் தண்ணீர் எவ்வளவு என்ற சண்டையில் ஆரம்பித்து, கல்யாணத்தில் முடித்தவள். அவள் கணக்கு நேராக இருந்தது.

"நாலு நாள் வேலைங்க. ஓடையோரம் ரெண்டு சிமெண்ட் குழாய் யாரோ போட்டது சும்மாதான் கெடக்கு. கல்லு நம்ம வீட்டுப் பின்னாடி இருக்கு. நீங்க எறங்குங்க, நான் கலவை போடறேன்."

"பொதுப் பாலமாச்சே. ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சா மரியாதை."

"யார்கிட்ட?"

"மன்றத்து ஆபீஸ்ல."

"உடைச்சவன் யார்கிட்ட சொல்லிட்டு உடைச்சான்?"

பதில் இல்லாத மனிதர்கள் செய்வதையே அவரும் செய்தார். சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மன்ற அலுவலகத்தில் குறை கேட்கும் ஜன்னலுக்குப் பின்னால் செயலர் உட்கார்ந்திருந்தார். ரப்பர் முத்திரையை எப்போதும் சட்டைப்பையிலேயே வைத்திருப்பதால் பையின் அடியில் ஊதா நிறத்தில் ஒரு நிரந்தர வட்டம் உண்டு. ஊரில் அவரை முத்திரை என்றுதான் சொல்வார்கள். ஜன்னலில் கூட்டம் இல்லை. வரிசையில் நிற்பவர்களுக்காகக் கட்டிய கம்பித் தடுப்பில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள்.

"சார், ஓடைப் பாலம் உடைஞ்சு கெடக்கு. நான் கொத்தனாரு. நானே கட்டிக்கறேன். நீங்க ஒண்ணும் தர வேணாம். சும்மா காதுல போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

முத்திரை நிமிர்ந்தார். பல நாளாக மீன் கடிக்காத தூண்டிலில் எதுவோ அசைந்ததைப் பார்த்தவர் போலிருந்தது அவர் முகம்.

"குறையா சொல்றீங்க?"

"குறைன்னா... உடைஞ்சிருக்கறது குறைதானேங்க?"

முத்திரை பையிலிருந்து முத்திரையை எடுத்தார். டப்பென்று ஒரு சத்தம். எழுந்து ஜன்னல் வழியே கையை நீட்டினார்.

"வாழ்த்துகள். ஓடைப் பாலக் குழுவுக்கு நீங்கதான் ஒருங்கிணைப்பாளர்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மன்றத் தலைவர் கொண்டுவந்த திட்டம் அது. பெயர், மக்கள் பங்கேற்பு. குறை சொன்னவரே அந்தக் குறைக்கான குழுவை நடத்த வேண்டும். திட்டம் வருவதற்கு முன் ஒரு நாளைக்கு அறுபது குறைகள் வந்துகொண்டிருந்தன. வந்த பிறகு மாதத்துக்கு நாலு. அந்த நாலும் விவரம் தெரியாத ஆட்களுடையவை. மக்கள் குறையே இல்லாமல் வாழும் வட்டாரம் என்று மேலிடத்திலிருந்து ஒரு கேடயம் வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தது. சுவர் முழுக்கக் குழுக்களின் பெயர்ப்பலகைகள். குடிநீர்க் குழாய்க் குழு. குடிநீர்க் குழாய்க் குழு ஏன் கூடவில்லை என்று ஆராயும் குழு. அதற்கும் கீழே, இடம் போதாமல் சற்றே சாய்வாக, பெயர்ப்பலகைகளுக்கான இடப்பற்றாக்குறைக் குழு.

நீல ரிப்பனில் கோர்த்த அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். கொத்தனார் அதைத் தடவிப் பார்த்தார்.

"சரிங்க சார். அப்ப நாளைக்கு வேலைய ஆரம்பிச்சுடறேன்."

முத்திரைக்கு மூச்சே நின்றுவிட்டது. "என்னங்க சொல்றீங்க? நீங்க பொறுப்புல இருக்கறவரு. பொறுப்புல இருக்கறவரு வேலை செய்யக் கூடாது. அந்தப் பாலத்துல நீங்க ஒரு கல்லைத் தொட்டாலும் பதவியை வச்சு உங்க வீட்டுக்கு வழி போட்டுக்கிட்டதா ஆயிடும்."

"நான் இங்க வராமயே இருந்திருந்தா?"

"நேத்தே கட்டியிருந்தீங்கன்னா எங்களுக்கு எப்படிங்க தெரியப் போவுது?" என்றார் முத்திரை. அவர் குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது.

முதல் கூட்டத்தில் குழுவின் பெயரைப் பற்றிப் பேசினார்கள். உடைந்த பாலம் என்று எழுதினால் மன்றம் பராமரிக்கவில்லை என்று அர்த்தமாகும். பழுதான பாலம் என்றாலும் அதே கதை. மூன்று மணி நேர விவாதத்துக்குப் பின் "ஓய்வில் உள்ள பாலம்" என்று ஒருமனதாக முடிவாயிற்று. இரண்டாம் கூட்டத்தில் முதல் கூட்டத்தின் குறிப்பை வாசித்தார்கள். மூன்றாம் கூட்டத்தில், இரண்டாம் கூட்டத்தில் வாசித்தது சரியாக வாசிக்கப்பட்டதா என்று பார்த்தார்கள். இப்படியே மூன்று மாதம் போயிற்று. கொத்தனார் கூட்டத்துக்குக் கூட்டம் கையைத் தூக்கி, "மழை வந்துடுங்க, வீட்டுல நோயாளி இருக்காரு" என்றார். ஒவ்வொரு முறையும் அது குறிப்பில் ஏறியது. "ஒருங்கிணைப்பாளர் பருவநிலை குறித்துப் பேசினார்."

நாலாவது மாதம் நேரடி ஆய்வு. முத்திரையும் ஐந்து அலுவலர்களும் ஊர்ப்பக்கக் கரையில் குடை நிழலில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். பாலத்தின் மேல் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகிறது என்று மூன்று நாள் எண்ணினார்கள். மூன்று நாளும் ஒரு வண்டிகூடப் போகவில்லை. முத்திரை கோடு போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, சைபர் என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"போக்குவரத்தே இல்லாத எடத்துல பாலம் எதுக்குங்க?"

"பாலம் இல்லாததாலதாங்க போக்குவரத்து இல்ல!"

"அது உங்க கருத்து. இது எண்ணிக்கை."

அடுத்த சிக்கல், அக்கரையில் மக்கள் வசிக்கிறார்கள் என்பதற்குச் சான்று. அலுவலர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். போவதற்குப் பாலம் இல்லை. அலுவலக நேரத்தில் கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்க விதியில் இடமும் இல்லை. எதிர்க்கரையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் பொறுக்க முடியாமல் குரல் கொடுத்தார்.

"யோவ், நான் இருக்கேன்யா! உசுரோடதான் இருக்கேன்!"

முத்திரை கொத்தனார் பக்கம் திரும்பினார். "குரல் கேக்குது. ஆனா குரலைச் சான்றா எடுத்துக்க முடியாது."

"மாப்ள, என்ன சொல்றான் அந்தாளு?"

"நீங்க இருக்கீங்கன்னு அவங்களால சொல்ல முடியாதாம் மாமா."

"எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். ஓசியில வந்தவன், ஃபுட்போர்டுல தொங்குனவன், தூங்கற மாதிரி நடிச்சவன். டிக்கெட்டை வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, பஸ்ஸே இல்லேன்னு சாதிக்கறவனை இப்பதான் பாக்கறேன்!"

அன்று மாலை கொத்தனார் ராஜினாமாக் கடிதம் எழுதினார். வெறும் ஆளாகிவிட்டால் மறுநாளே ஓடையில் இறங்கிவிடலாம் என்பது அவர் திட்டம். கடிதத்தை வாங்கிப் படித்த முத்திரையின் முகம் மறுபடியும் மலர்ந்தது.

"இந்தப் பதவி வேணாம்னு சொல்றீங்க. அதாவது, உங்களுக்கு ஒரு குறை."

டப்.

இப்படியாகக் கொத்தனார் ராஜினாமாப் பரிசீலனைக் குழுவின் ஒருங்கிணைப்பாளரும் ஆனார். இரண்டு குழு நடத்துபவர் என்பதால் தானாகவே வட்டாரச் சமுதாயத் தலைவர் என்ற அந்தஸ்தும் வந்து சேர்ந்தது. தன் ராஜினாமாவைத் தானே பரிசீலிக்க வேண்டும். ஆனால் சொந்த விஷயம் என்பதால் தான் கலந்துகொள்ளக் கூடாது. அவர் கலந்துகொள்ளாவிட்டால் கூட்டம் நடக்காது.

தலைவரையே பார்த்துவிடுவது என்று போனார். தலைவர் பெரிய உருவம். இருபத்தைந்து வருஷமாக ஒரே நாற்காலியில் இருப்பவர். நாற்காலியின் பஞ்சு அவர் உருவத்துக்குத் தக்கபடி பள்ளம் விழுந்திருந்தது. யார் என்ன சொன்னாலும் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்பார்.

"ஐயா, என்னை விட்டுடுங்க. நான் சுவரு கட்டறவன்."

தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, நான் எப்படி இங்க வந்தேன்னு தெரியுமா? என் வீட்டு வாசல்ல தெருவிளக்கு எரியல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அப்பல்லாம் சட்டம் இல்ல, சும்மா வழக்கமாத்தான் இருந்துச்சு. குறை சொன்னவரை உக்கார வச்சுடுவாங்க. உக்காந்தேன்."

"விளக்கு?"

தலைவர் மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு டார்ச் லைட் இருந்தது. அதை ஒரு தடவை அமுக்கி, எரிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"அது மட்டும் எரிஞ்சிருந்தா நான் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன். இந்த வட்டாரத்துக்குத் தலைவரே இருந்திருக்க மாட்டாரு. எதையும் மேலோட்டமா பாக்கக் கூடாது தம்பி."

கொத்தனார் வெளியே வந்து படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, உட்கார்ந்தாலே தெரிந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குள் அவருக்கு வேலை வருவது நின்றுவிட்டது. "தலைவரைப் போயி சுவரு பூசச் சொல்றதா?" என்று கூச்சப்பட்டார்கள். பார்க்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். மனுவைக் கையில் திணித்தார்கள். அதைவிட மோசம், அவர் வாயில் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டதுதான். வீட்டில் மனைவி, "குடத்துல தண்ணி இல்ல, ரெண்டு குடம் கொண்டாந்து வைங்க" என்றபோது, "கவனத்துல எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"அப்பா, உங்க மாப்பிள்ளைக்கு முத்திப்போச்சு."

"எனக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் சுத்தம் பண்றாங்க. இவரையும் கூட்டிக்கிட்டுப் போயிடலாமா?" என்றார் மாமனார் கட்டிலிலிருந்து.

ஏழாவது மாதம். வடக்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சமுதாயத் தலைமைப் பயிற்சி முகாம் என்று கொத்தனாரைப் பக்கத்து நகரத்துக்கு ஐந்து நாள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகாவிட்டால் குழு கலைந்துவிடுமா என்று ஆசையோடு கேட்டார். கலையாது, ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒன்று கூடுதலாக வரும் என்றார்கள். முகாமில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது எப்படி, ஒருவர் அழும்போது எந்தப் பக்கம் பார்ப்பது, முடியாது என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் முடியாது என்று சொல்வது எப்படி என்பதெல்லாம் கற்றுத்தந்தார்கள். கடைசி நாள் தலைவர் சிறப்புரை.

"இந்த இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு மனுவைக்கூட நான் நிராகரிச்சதில்ல," என்றார் தலைவர். அரங்கம் கை தட்டியது. "எல்லா மனுவும் இன்னைக்கும் என்கிட்ட பத்திரமா இருக்கு. சில பேர் கேக்கறாங்க, இந்தாளு என்ன கிழிச்சாருன்னு. ஒரு மனுவைக்கூடக் கிழிச்சதில்ல! ஒரு குறையைத் தீத்துட்டா அந்த மனுஷன் திரும்ப இந்தப் பக்கம் வருவானா? உறவு அறுந்து போயிடும். மக்களோட உறவு அறுந்து போகக் கூடாதுன்னுதான் நான் ராத்திரி பகலா ஒண்ணுமே செய்யாம உழைச்சுக்கிட்டிருக்கேன்!"

மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொத்தனாரின் காதில் எதுவும் விழவில்லை. அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடை வரை ஓடினார். அங்கே வேன் நிற்கும் இடத்தில் வேன் இல்லை. அக்கரையில், அவர் வீட்டு வாசலில், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தது. ஓடையில் இடுப்பளவு செந்தண்ணீர் ஓடியது. அதன் மேல் ஒரு பாலம் இருந்தது.

இரண்டு குழாய்கள், இரு பக்கமும் கல் கட்டு, மேலே சரளை போட்டு இறுக்கிய தளம். அவர் மனைவியும் தெருப் பெண்கள் ஐந்து பேருமாக நாலே நாளில் முடித்திருந்தார்கள். கொத்தனார் கழுத்து அட்டையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். கல்லுக்குக் கல் சந்துகளை விரலால் தடவினார். கலவையை நகத்தால் கீறிப் பார்த்தார். நகம்தான் உடைந்தது.

"இந்த ஓரத்துல இன்னும் ஒரு பூச்சு குடுத்திருக்கலாம்."

"பூச வேண்டியவரு மேடையில இருந்தாரு," என்றாள் மனைவி. கையெல்லாம் சிமெண்ட் அரித்துத் தோல் உரிந்திருந்தது. ஆனால் சிரித்தாள். வேனிலிருந்து மாமனார், "மாப்ள, ஸ்டாப்பிங் வீட்டு வாசலுக்கே வந்துடுச்சு பாத்தீங்களா?" என்றார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

கொத்தனார் தன் தவறை இரண்டாவது முறை செய்தது திங்கட்கிழமை. குழு முடிந்தது, விடுதலை கிடைத்தது என்ற சந்தோஷத்தில் அலுவலகத்துக்குப் போய், "சார், பாலம் ரெடி! குழுவைக் கலைச்சுடலாம்!" என்று சொல்லிவிட்டார்.

முத்திரை பேனாவைக் கீழே போட்டார்.

"எந்தப் பாலம்?"

"ஓடைப் பாலம்தாங்க."

"அது ஓய்வுல இருக்கு."

"இல்லீங்க, நிக்குது. வேன் போவுது, வருது."

"கோப்புல இல்லாத பாலம் அது. அது மேல வேன் போவுதுன்னா கோப்புப்படி அந்த வேன் எங்க போவுது? ஓடைக்குள்ள போவுது. யாருங்க பொறுப்பு?" முத்திரை அலமாரியிலிருந்து கோப்பை இழுத்தார். "அதுவும் தலைவரோட வெள்ளிவிழாவுக்கு அந்த எடத்துலதான் புதுப் பாலத்துக்கு அடிக்கல்னு போன வாரம் முடிவாயிருக்கு. கல்லுல பேரே வெட்டியாச்சு!"

பத்து மணிக்கு இந்தப் பேச்சு. பத்தேகாலுக்கு அவசரக் கூட்டம். பத்தரைக்குத் தீர்மானம். அனுமதியற்ற பாலத்தை மறுநாள் காலை பத்து மணிக்கு இடிப்பது, பதினொன்றுக்கு முறையான பாலத்துக்கு அடிக்கல் நாட்டுவது.

"ஒருங்கிணைப்பாளர் கால் மணி நேரத்துல மறுக்கலேன்னா சம்மதம்னு அர்த்தம்," என்று வாசித்தார் முத்திரை.

"நான் மறுக்கறேன்! இப்பவே மறுக்கறேன்!"

"தாராளமா. எழுதிக் குடுங்க. மறுப்புக் குழு ஒண்ணு போட்டுடலாம், நீங்கதான் ஒருங்கிணைப்பாளர். மூணு மாசத்துல அறிக்கை தந்தா போதும். அதுவரைக்கும் தீர்மானம் அமல்ல இருக்கும்."

மன்ற வரலாற்றிலேயே சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் நடந்த முதல் வேலை அதுதான். செவ்வாய்க்கிழமை பத்து அடிக்கும்போது ஊர்ப்பக்கக் கரையில் பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி, புகைப்படக்காரர், பெயர் வெட்டிய கல், எல்லாம் தயார். அக்கரையில் தெருவே திரண்டு நின்றது. முன்வரிசையில் கொத்தனாரின் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நாற்காலியில் மாமனார். பதினொரு மணிக்கு வேன் வர வேண்டிய நாள். போன வெள்ளிக்கிழமையே டாக்டர் அவர் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நாலு ஆட்கள் கடப்பாரையால் குத்தினார்கள். கடப்பாரை துள்ளியது. சம்மட்டியால் அடித்தார்கள். ஒருவருக்குக் கை மரத்துவிட்டது. அரை மணி நேரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதுவும் சம்மட்டிக் காம்பின் சில்லு.

முத்திரை கொத்தனாரிடம் ஓடி வந்தார். "நீங்க தொழில் தெரிஞ்சவரு. எங்க அடிச்சா விழும்? அதை மட்டும் சொல்லுங்க."

கொத்தனாருக்குத் தெரியும். ஊர்ப்பக்கம் இடது மூலையில், கீழிருந்து இரண்டாவது வரிசையில், தலைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் கல். அதை உருவினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். அப்படிக் கல் வைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அக்கரையிலிருந்து அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் கொத்தனார்.

மேடையிலிருந்து இறங்கி வந்த தலைவர் அவரை இறுகத் தழுவிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இத்தனை நாளா இவருக்கு எல்லாம் தெரிஞ்சிருந்ததுதான்யா பிரச்சினையே! இப்பதான் மனுஷன் முழுசா நம்ம ஆளு. அடுத்த கூட்டத்துல இவரைத் துணைத்தலைவரா முன்மொழியறேன்."

மண்ணள்ளும் இயந்திரம் வரவழைக்கப்பட்டது. ஊர்ப்பக்கம் பந்தலும் நாற்காலிகளும் அடைத்துக்கொண்டிருந்ததால் அது நின்று வேலை செய்ய இடம் இல்லை. அக்கரைக்குப் போய் நின்று இடிக்கும்படி முத்திரை கை காட்டினார். பத்து டன் இயந்திரம் அந்தப் பாலத்தின் மேல் ஏறி, கடகடவென்று உருண்டு, அக்கரையில் போய் இறங்கியது. பாலம் இம்மியும் அசையவில்லை. அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் முத்திரை, எடை தாங்காத ஆபத்தான இந்தக் கட்டுமானம் என்று அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் மனைவியைப் பார்த்தார். அவளும் சக்கரத் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடி அவள் முகத்தில் பெருமை வந்து போனதை அவர் கண்டார்.

பிறகு இயந்திரம் கையை ஓங்கியது. ஏழாவது அடியில் குழாய் பிளந்தது. பத்தாவது அடியில் எல்லாம் ஓடைக்குள் போயிற்று. இடுப்பளவு தண்ணீர் கல்லில் மோதி நுரைத்துக்கொண்டு நெஞ்சளவுக்கு ஏறியது.

கை தட்டினார்கள். தலைவர் அடிக்கல்லின் மேல் ஒரு கரண்டி கலவை வைத்தார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கலவையில் தண்ணீர் அதிகம். அப்போதுதான் அக்கரையிலிருந்து இயந்திரத்தின் ஆபரேட்டர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"சார்! நான் எப்படி சார் திரும்பி வர்றது?"

தலைவர் முத்திரையைப் பார்த்தார். முத்திரை ஓடையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஹாரன் கேட்டது. மணி பதினொன்று. ஆஸ்பத்திரி வேன் பந்தலுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது.

கொத்தனார் கரை விளிம்புக்கு வந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றால் ஓடை ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். கயிறு கட்டலாமா என்று பார்த்தார், எங்கே கட்டுவது? எதிர்க்கரையில் மனைவி அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள். ஆபரேட்டரிடம் போய் ஏதோ பேசினாள். அவர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு கீழே இறங்கி, பக்கெட்டுக்குள் கிடந்த கல்லையும் மண்ணையும் கையாலேயே வழித்துத் தள்ளினார். யாரோ ஒரு தலையணை கொண்டுவந்து போட்டார்கள்.

இரண்டு பேராகத் தூக்கி மாமனாரை அதில் உட்கார வைத்தார்கள். மனைவி ஏறி அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். பாலத்தை இடித்த அந்த இரும்புக் கை மெல்ல மெல்ல மேலே எழுந்து, ஓடையின் மேல் நீண்டது.

"ரைட், போலாம்!" என்றார் மாமனார். குரல் வழக்கம்போல் இல்லை.

கொத்தனார் அட்டையும் சட்டையுமாக ஓடையில் இறங்கிவிட்டார். கரையோரம், நெஞ்சு வரை தண்ணீர். உடைந்த குழாய் ஒன்றில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டு, பக்கெட்டுக்கு நேர் கீழே இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார். விழுந்தால் பிடித்துவிடலாம் என்பதுபோல. அவருக்கும் பக்கெட்டுக்கும் நடுவே ஆறடி வெளி இருந்தது. அவர் கைகளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் கீழே போட முடியவில்லை.

பந்தலிலிருந்து தலைவர் அவசரமாகப் புகைப்படக்காரரின் தோளைத் தட்டினார். "எடுய்யா, எடு! மூணு பேரும் வர்ற மாதிரி எடு!"

பக்கெட் கொத்தனாரின் தலைக்கு மேல் வந்தது. மாமனார் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, கையைக் கீழ போடுங்க. நீங்கதான் தூக்கறீங்கன்னு நெனச்சுக்கப் போறாங்க."

கரையில் கைதட்டல் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.